ஹீட் முடிந்த நாய் ஏன் இவ்வளவு தண்ணீர் குடிக்கிறது?

கேள்வி: எங்கள் லாப்ரடார் பெண் நாய்க்கு எட்டு வயது, 28 கிலோ. ஹீட் (இணைசேரும் பருவம்) முடிந்து ஐந்து வாரம் ஆகிறது. நாலு நாளாகச் சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடுகிறாள். தண்ணீரை மட்டும் ஓயாமல் குடித்து, ராத்திரி வீட்டுக்குள்ளேயே சிறுநீர் போகிறாள். சுகரா? மெடிக்கலில் வாங்கிய ஆன்டிபயாடிக் மாத்திரைக்கு இரண்டு நாள் தேவலையாக இருந்தது.
— வாசகி, சேலம்

பதில்: சுகரும் சிறுநீரகக் கோளாறும் இப்படிக் காட்டும்தான். ஆனால் அந்த ‘ஐந்து வாரம்’ வேறு கதை சொல்கிறது. முதல் சந்தேகம் கர்ப்பப்பையில் சீழ். டாக்டர்கள் பயோமெட்ரா என்பார்கள். இன்றே ஸ்கேன் பாருங்கள்.

சினை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், ஹீட்டுக்குப் பிறகு சுமார் இரண்டு மாதம் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் ஏறியே இருக்கும். கர்ப்பப்பையின் உட்சுவர் தடிக்கும், வாய் மூடும், எதிர்ப்புச் சக்தி குறையும். ஹீட்டின்போது உள்ளே போன ஈ.கோலை கிருமிக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. அதன் நச்சு சிறுநீரகத்தைக் கெடுப்பதால் சிறுநீர் நீர்த்துப் போகிறது. அந்த இழப்பை ஈடுகட்டத்தான் தாகம். கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல், அதாவது உங்கள் நாய் நாளுக்கு 2.8 லிட்டரைத் தாண்டிக் குடித்தால் அது நோய்தான். அதற்காகத் தண்ணீரை நிறுத்திவிடாதீர்கள்.

வாலுக்கடியில் சீழ் வடியவில்லையே என்று நிம்மதி வேண்டாம். வடிந்தாலாவது வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம். வடியாதபோது உள்ளேயே தேங்கிப் பை உப்பும், கிழிந்தும் போகலாம். வயிற்றை அமுக்கிப் பார்க்காதீர்கள். காய்ச்சல் இல்லாமலும் இது வரும். மாத்திரை ரத்தத்தில் பரவும் கிருமியை அடக்கும், தேங்கிய சீழை வெளியேற்றாது. அதனால்தான் இரண்டே நாள் தேவலை! டிரிப்ஸ் ஏற்றி, ஊசி போட்டு, நாய் சற்றுத் தெம்பானதும் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிடுவதுதான் சரியான வைத்தியம். கொடுத்த மாத்திரையின் அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள்.

கேள்வி: ஒரு ஈத்து குட்டி போட்டுவிட்டால் இந்த நோய் வராதாமே?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: குட்டி போட்ட நாய்களுக்கும் வருகிறது. குட்டி வேண்டாமென்றால், ஹீட் முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துவிடுங்கள். ஹீட் வராமலிருக்கப் போடும் ஹார்மோன் ஊசியை மட்டும் கேட்டு வாங்காதீர்கள். இந்த நோய்க்கு அதுவே ஒரு காரணம்.