கைக்குழந்தை, இரண்டு நாய்கள், 10,000 பவுண்டு: இங்கிலாந்தில் எந்தப் பழைய எஸ்டேட் கார் வாங்கலாம்?

பர்மிங்காமில் வீடு, இன்னும் சில வாரங்களில் முதல் குழந்தை, வீட்டில் ஒரு லாப்ரடார், ஒரு காக்கர் ஸ்பானியல். இப்போதுள்ள சின்ன ஹேட்ச்பேக் இனி போதாது, 10,000 பவுண்டுக்குள் எந்த எஸ்டேட் கார் என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் ஏறக்குறைய இதே கூட்டம்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வரி. செடான் காரின் கூரையைக் கடைசிவரை நீட்டி, டிக்கியை உள்ளறையோடு சேர்த்துவிட்டால் அது எஸ்டேட். டாடா எஸ்டேட், இண்டிகோ மரீனா எல்லாம் இந்த ரகம். நம் ஊரில் அவை எடுபடவில்லை. இங்கே நாய் வளர்ப்பவர்கள் பலர் இன்னும் இதைத்தான் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள்.

எல்லோரும் முதலில் பார்ப்பது டிக்கி எத்தனை லிட்டர் என்பதை. மூன்றாம் தலைமுறை ஸ்கோடா ஆக்டேவியா 610, சூப்பர்ப் 660, பசாட் 650, வால்வோ வி70 575. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இந்தக் கணக்கு சின்னச் சின்னக் கட்டைகளை அடுக்கி, டிக்கி மூடும் திரைவரை அளந்தது. பல கார்களில் தரைப்பலகைக்கு அடியில் இருக்கும் பள்ளமும் இதில் சேரும். உங்கள் லாப்ரடார் அந்தப் பள்ளத்தில் படுக்கப் போவதில்லை. நாய்க்கு வேண்டியது தரையின் அகலமும், எழுந்து நின்றால் தலை இடிக்காத உயரமும். அதனால் லிட்டரை விட்டுவிட்டு, காருக்குள் யார் எங்கே என்று ஒரு காகிதத்தில் படம் போட்டுப் பாருங்கள்.

படம் போட்டதும் சிக்கல் தெரிந்துவிடும். நாய்கள் இரண்டும் டிக்கியில், குழந்தை பின்சீட்டில். பிராம் (குழந்தைத் தள்ளுவண்டி) எங்கே?

நாய் இல்லாத வீட்டில் பிராம் டிக்கிக்குப் போய்விடும். உங்களுக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. டிக்கிக்கு நடுவே நீளவாக்கில் தடுப்பு வைத்து ஒரு பாதி நாய்க்கு, மறு பாதி பிராமுக்கு என்று சிலர் செய்வார்கள். ஒரே ஒரு சின்ன நாய் என்றால் சரி. லாப்ரடார் இருக்கும்போது பாதி அகலம் அதற்குத் திரும்பிப் படுக்கவே போதாது. பின்சீட்டில் ஒரு பகுதியை மடித்து அங்கே வைக்கலாம் என்றால், நாயைத் தடுக்கும் கம்பி வலைக்குக் கீழே ஒரு வாசல் திறந்துவிடுகிறது. காக்கர் ஸ்பானியல் அதைக் கண்டுபிடிக்க அரை நிமிடம் போதும். கூரைமேல் பெட்டி வைப்பது விடுமுறைப் பயணத்துக்குச் சரிதான். தினமும் மழையில் நின்றுகொண்டு ஈரப் பிராமைத் தலைக்கு மேல் தூக்க ஆசை இருந்தால் உங்கள் இஷ்டம்.

எனக்குச் சரியாகப் பட்டது, மிகச் சிறியதாக மடியும் பிராமை வாங்கி, முன்சீட்டுக்குப் பின்னால் கால் வைக்கும் இடத்தில் செங்குத்தாகச் செருகிவிடுவது. அது எழுந்து குழந்தைமேல் சாயாதபடி ஒரு பட்டையால் கட்டிவிட வேண்டும். இதற்குப் பின்சீட்டுக் கால் இடம் தாராளமாக இருக்க வேண்டும். ஆகவே நீங்கள் டிக்கிக்காக அல்ல, பின்சீட்டுக் கால் இடத்துக்காகவே கார் தேடுகிறீர்கள்.

குழந்தை சீட்டும் அதையேதான் கேட்கிறது. இப்போதைய ஆர்129 விதிப்படி (கடையில் ஐ-சைஸ் என்பார்கள்) குறைந்தது 15 மாதம் வரை குழந்தை பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார வேண்டும். பின்பக்கம் பார்த்த சீட் நீளமானது. அதைப் பொருத்தினால் முன்சீட் முன்னே தள்ளப்பட்டு, அதில் உட்காருபவரின் முழங்கால் டேஷ்போர்டில் முட்டும். வேலை செய்யும் ஏர்பேக் இருக்கும் முன்சீட்டில் அந்தச் சீட்டை வைப்பது சட்டப்படி குற்றம். எனவே பின்சீட்தான்.

குழந்தை சீட்டைக் காரோடு நேரடியாக மாட்டும் ஐசோபிக்ஸ் கொக்கிகள் பெரும்பாலான கார்களில் ஓர இருக்கைகளில் மட்டும்தான் இருக்கும். இன்னொன்று: சில கார்களில் பின்சீட்டுக்கு முன்னால் கால் வைக்கும் தரையில் மூடி போட்ட சின்னப் பெட்டி வைத்திருப்பார்கள். குழந்தை சீட்டிலிருந்து தரைக்கு இறங்கும் முட்டுக்கால் அந்த மூடிமேல் நிற்கக் கூடாது. சீட் தயாரிப்பாளரின் இணையதளத்தில் கார் மாடலைப் போட்டுப் பார்த்தால் பொருந்துமா என்று சொல்லிவிடும்.

ஊரிலிருந்து அம்மாவோ மாமியாரோ வந்தால் பேரக்குழந்தைக்குப் பக்கத்தில்தான் உட்காருவார்கள், வேறெங்கும் உட்காரச் சொல்லிப் பாருங்கள். அதற்கும் அந்தக் கால் இடம்தான் உதவும். விமான நிலையத்திலிருந்து அவர்களை 23 கிலோ பெட்டிகளோடு கூட்டிவரும் நாளில் மட்டும் நாய்கள் வீட்டில் இருக்கட்டும்.

சரி, நாய்ப் பக்கம் வருவோம். இங்கிலாந்தின் சாலை விதிப் புத்தகத்தில் 57ஆம் விதி, வண்டியில் நாயைக் கட்டுப்பாட்டில் வைக்கச் சொல்கிறது. பெல்ட், கூண்டு, தடுப்பு வலை, எதுவானாலும் சரி. எஸ்.யு.வி.யைவிட எஸ்டேட் இங்கேதான் ஜெயிக்கிறது. டிக்கி விளிம்பு தாழ்வு. இன்று துள்ளி ஏறும் லாப்ரடார் வயதானபின் இடுப்பு வலியோடு அதே விளிம்பைப் பார்த்து நிற்கும். ஏறக்குறைய 30 கிலோ நாயைத் தூக்கி ஏற்றுவது உங்கள் முதுகுக்கும் நல்லதல்ல. விளிம்புக்கும் உள்தரைக்கும் நடுவே படி இல்லாத கார் இன்னும் நல்லது.

கூண்டு வைப்பதாக இருந்தால், காரைப் பார்க்கப் போகும்போது அதையும் தூக்கிக்கொண்டு போங்கள். நான் அப்படித்தான் போனேன். ஒரு டீலர் முற்றத்தில், பார்க்க அழகாகப் பின்புறம் சரிந்த ஒரு எஸ்டேட். கூண்டின் அடி வழுக்கிக்கொண்டு உள்ளே போனது, பக்கவாட்டில் இடம் மிச்சம். கதவை இறக்கினால் கூண்டின் மேல் மூலை கண்ணாடியில் இடித்து, பூட்டுக்கு இரண்டு விரல் இடைவெளியில் நின்றுவிட்டது. விற்பனையாளர் "கொஞ்சம் அழுத்தினால் மூடிவிடும்" என்றார். அழுத்தவில்லை, கிளம்பிவிட்டோம். பின்புறம் நேராக இறங்கும் பெட்டி வடிவக் கார்தான் நாய்க்காரர்களுக்கு. கூண்டு இல்லாதவர்கள் டேப் எடுத்துப் போய் மூன்று இடம் அளந்தால் போதும்: சக்கரப் புடைப்புகளுக்கு நடுவே உள்ள அகலம், கதவுத் திறப்பின் உயரம், பின்சீட்டை நிமிர்த்தி வைத்தபின் தரையின் நீளம்.

இந்தக் கணக்கெல்லாம் போட்டால் 2015க்குப் பிந்தைய ஸ்கோடா சூப்பர்ப் எஸ்டேட்தான் மேலே வருகிறது. பின்சீட்டில் கால் நீட்டும் அளவுக்கு இடம், பெட்டி போன்ற டிக்கி. குறை, நீளம். சுமார் 4.86 மீட்டர். இங்கே வழக்கமான பார்க்கிங் கட்டம் 4.8 மீட்டர், மூக்கோ வாலோ வெளியே நிற்கும். வரிசை வீட்டுத் தெருவில் நிறுத்துபவர் என்றால் ஆக்டேவியாவே போதும். ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் குறைவு, கால் இடம் கொஞ்சம் குறையும், மற்றபடி அதே புத்திசாலித்தனம்.

எஞ்சின் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை, டீசல் வேண்டாம். இந்த விலையில் வரும் எஸ்டேட்களில் டீசல்தான் நிறைய இருக்கும், மலிவாகவும் இருக்கும். ஆனால் குழந்தை வந்தபின் உங்கள் ஓட்டம் எல்லாம் டாக்டர், கடை, பூங்கா என்று இரண்டு மூன்று மைல்தான். டீசல் காரின் புகை வடிகட்டி சூடேறித் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்ய நெடுஞ்சாலை ஓட்டம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் அடைத்துக்கொண்டு செலவு வைக்கும். அதுபோக, பர்மிங்காம் நகர மையத்தில் 2021 ஜூன் முதல் காற்றுத் தூய்மை மண்டலம் இருக்கிறது. யூரோ 6 என்ற புகைத் தரம் இல்லாத டீசல் காருக்கு நாளொன்றுக்கு 8 பவுண்டு. பெட்ரோலுக்கு யூரோ 4 போதும்.

பெட்ரோலில் ஸ்கோடாவின் 1.4 அல்லது 1.5 லிட்டர் டி.எஸ்.ஐ. எஞ்சின் எடுக்கலாம். தொடக்க கால 1.5 மேனுவல் கார்கள் குளிர்ந்த எஞ்சினில் திக்கித் திக்கிக் கிளம்பும். பிறகு மென்பொருள் மாற்றம் வந்தது, அது செய்யப்பட்டதா என்று கேளுங்கள். சோதனை ஓட்டத்துக்கு எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஃபோர்டு 1.0 ஈகோபூஸ்ட், பெஜோ 1.2 ப்யூர்டெக் போன்ற எஞ்சின்களில் பல வருடங்கள் டைமிங் பெல்ட் எண்ணெய்க்குள்ளேயே சுற்றும்படி வைத்திருந்தார்கள். பெல்ட் தேய்ந்து உதிரும் துகள் எண்ணெய் வழியை அடைக்கும். சரியான எண்ணெயோடு நேரத்துக்கு சர்வீஸ் செய்த ரசீதும், பெல்ட் மாற்றிய ரசீதும் இருந்தால் மட்டும் பாருங்கள்.

முழுக்க ஊருக்குள்தான் என்றால் டொயோட்டா ஆரிஸ் டூரிங் ஸ்போர்ட்ஸ் ஹைபிரிட் பக்கம் போங்கள். பேட்டரி பின்சீட்டுக்கு அடியில், அதனால் டிக்கியில் 530 லிட்டர் அப்படியே இருக்கிறது. டொயோட்டா டீலரிடம் சர்வீஸ் செய்தால் 10 வருடம் அல்லது ஒரு லட்சம் மைல் வரை, ஒவ்வொரு சர்வீஸோடும் உத்தரவாதம் நீளும். பழைய காருக்கு இது பெரிய விஷயம். கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (காருக்கு அடியில் புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) திருடர்களுக்கும் இந்த வண்டி பிடிக்கும். அடியில் தடுப்புத் தகடு போட்டிருந்தால் நிம்மதி. வால்வோ வி70 எனக்கு மிகப் பிடித்த வண்டி. ஆனால் 2016இல் நின்றுபோனது, இப்போது கிடைப்பவை பெரும்பாலும் டீசல், அவற்றில் பல யூரோ 6 இல்லை. உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

ஆவணங்கள் பற்றி வேகமாக. பதிவு எண்ணைப் போட்டால் அரசு இணையதளத்தில் எம்.ஓ.டி. (ஆண்டுதோறும் நடக்கும் கட்டாய வாகனச் சோதனை) வரலாறு முழுவதும் இலவசம். ஆண்டுக்கு ஆண்டு மைல் ஒழுங்காக ஏறுகிறதா என்று பாருங்கள். அதைவிட முக்கியம், தேறிய பிறகும் எழுதி வைத்த எச்சரிக்கைகள். டயர் தேய்மானம் என்று ஒரே எச்சரிக்கை அடுத்தடுத்த வருடமும் வந்தால், அந்த உரிமையாளர் காரை எப்படி வைத்திருந்தார் என்பது தெரிந்துவிடும். கடன் பாக்கி, விபத்தில் கழித்த வண்டியா என்பதற்குப் பணம் கட்டி ஒரு சோதனை. அப்படிக் கழித்து, பழுது பார்த்து மறுபடி ஓட்டக்கூடிய வண்டிகளை 2017 அக்டோபருக்குப் பின் ‘எஸ்’ (S), ‘என்’ (N) என்று வகைப்படுத்துகிறார்கள். எஸ் என்றால் கட்டமைப்பிலேயே அடி, குழந்தைக்கு வாங்கும் காரில் அது வேண்டாம். டீலரிடம் வாங்கினால் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பழுது இருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். தனி நபரிடம் அந்தப் பாதுகாப்பு இல்லை, ஆனால் விலை குறையும். சாலை வரி காரோடு வராது, ஓட்டிக்கொண்டு கிளம்பும் முன்பே உங்கள் பெயரில் கட்டிவிட வேண்டும். 2017 ஏப்ரலுக்கு முன் பதிவான கார்களில் புகை அளவை வைத்து வரி, பல ஆக்டேவியாக்களுக்கு மிகக் குறைவு. அதற்குப் பிந்தையவற்றுக்கு ஆண்டுக்கு 200 பவுண்டு அளவில்.

கடைசியாக ஒரு சின்ன லாபம். டிக்கித் துணியில் நாய் முடி குத்திக்கொண்டு நிற்கும், கதவு திறந்ததும் ஈர நாய் வாசம் அடிக்கும் கார்களைப் பார்த்ததும் மற்றவர்கள் விலகிவிடுவார்கள். எஞ்சினும் ரசீதுகளும் சரியாக இருந்தால் நீங்கள் விலகாதீர்கள். விலையில் சில நூறு பவுண்டு குறைக்கச் சொல்ல அதைவிட நல்ல காரணம் கிடைக்காது. முடிந்தால் அவர்கள் வைத்திருக்கும் தடுப்பு வலையையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள், அந்த மாடலுக்கென்றே செய்த வலை புதிதாக வாங்கினால் நூறு பவுண்டுக்கு மேல் ஆகும்.