இமாம்பசந்தா, மல்கோவாவா? வீட்டு மாம்பழச் சுவை: கேள்வி பதில்

சேலத்துக்குப் பக்கத்தில் எங்கள் குடும்பத் தோட்டத்தில் இமாம்பசந்த், மல்கோவா, செந்தூரம், பங்கனப்பள்ளி, அல்போன்சா, கிளிமூக்கு, நீலம், மல்லிகா எல்லாம் நிற்கின்றன. இந்தப் பழங்களைச் சாப்பிட்டும் விற்றும் தெரிந்துகொண்டதை வைத்து உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

கோவையிலிருந்து: அக்கா, வீட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு மரத்துக்குத்தான் இடம். இமாம்பசந்த் வைக்கலாமா, மல்கோவா வைக்கலாமா? எது ருசி?

ருசியில் இரண்டும் வேறு வேறு ஜாதி. மல்கோவா உருண்டையாக, தோல் தடிமனாக, கொட்டை சின்னதாக இருக்கும். சதை இறுக்கம். கத்தியால் துண்டு போட்டால் வடிவம் மாறாமல் நிற்கும். அறுக்கும்போதே மணம் வீட்டுக்குள் பரவிவிடும். முதல் கடியிலேயே முழு இனிப்பும் வந்துவிடுகிற பழம் அது.

இமாம்பசந்த் அப்படி இல்லை. தோல் மெல்லியது. பழுத்த பிறகும் பச்சை நிறம் பெரும்பாலும் மாறாது. உள்ளே வெளிர் மஞ்சளில், நார் கிட்டத்தட்ட இல்லாமல், வெண்ணெய் போல இருக்கும். இனிப்பு மெதுவாக ஏறி, கடைசியில் ஒரு சின்னப் புளிப்பில் முடியும். அந்தப் புளிப்புதான் அடுத்த துண்டை எடுக்க வைக்கிறது. என் நாக்குக்கு இமாம்பசந்துக்கு மேல் ஒரு பழம் இல்லை.

வீட்டுக்கு இமாம்பசந்தைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. மெல்லிய தோலாலும் சீக்கிரம் குழைந்துவிடுவதாலும் அது தூரப் பயணம் தாங்காது. அதனால் வியாபாரிகள் முற்றுவதற்கு முன்பே பறித்துவிடுகிறார்கள். கடையில் இரண்டு மடங்கு விலை கொடுத்தாலும் அதன் முழு ருசி கிடைப்பது அபூர்வம். மல்கோவாவை நல்ல கடையில் நல்ல பக்குவத்தில் வாங்கிவிடலாம். ஆனால் ஒன்று, இரண்டுமே கஞ்சக் காய்ப்பு. ஒரு வருஷம் காய்த்தால் மறு வருஷம் ஓய்வெடுக்கும். வருஷம் தவறாமல் பழம் வேண்டுமென்றால் நீலம் வையுங்கள். ருசியில் ஒரு படி இறங்குவீர்கள், ஆனால் ஏமாற மாட்டீர்கள்.

சென்னையிலிருந்து: எங்கள் வீட்டுப் பங்கனப்பள்ளி நிறையக் காய்க்கிறது. பழம் பார்க்கவும் அழகு. ஆனால் வெறும் இனிப்புதான், மணமே இல்லை. மண்ணா, ரகமா, என்ன குறை?

ரகத்தின் பங்கு கொஞ்சம் உண்டு. பங்கனப்பள்ளி இயல்பிலேயே அடக்கமான மணம் உள்ள பழம். அல்போன்சாவின் மணத்தை அதில் எதிர்பார்க்க முடியாது. ஆனால் மணமே இல்லை என்றால், நீங்கள் முன்கூட்டிப் பறிக்கிறீர்கள் என்றே நினைக்கிறேன்.

மாம்பழச் சுவையில் மூன்று விஷயங்கள் சேர்கின்றன: சர்க்கரை, புளிப்பு, மணம். காயில் இருக்கும் மாவுச்சத்து பழுக்கும்போது சர்க்கரையாகிறது. புளிப்பைத் தரும் அமிலங்கள் குறைகின்றன. மணத்தைத் தரும் பொருள்கள் பெரும்பாலும் பழுக்கும் காலத்தின் பிற்பாதியில்தான் உருவாகின்றன. அரைகுறையாக முற்றிய காயையும் எப்படியோ பழுக்க வைத்து ஓரளவு இனிப்பை வரவழைத்துவிடலாம், மணத்தை வரவழைக்க முடியாது. கல் வைத்துப் பழுத்த பழம் வெளியே மஞ்சளாக இருந்தும் வாயில் வைத்தால் சப்பென்று இருப்பதற்கு இதுவே காரணம். அந்தக் கார்பைடு கல் தடை செய்யப்பட்டது, உடம்புக்கும் கேடு.

அடுத்த வருஷம் இப்படிப் பாருங்கள். காம்பைச் சுற்றியுள்ள தோள் பகுதி உப்பி, காம்பு உள்ளே பதிந்தது போல் ஆக வேண்டும். மரத்தில் ஒன்றிரண்டு தானாகப் பழுத்து விழ ஆரம்பிக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் ஒரு காயைப் பறித்துத் தண்ணீர் வாளியில் போடுங்கள். முற்றிய காய் மூழ்கும், இளங்காய் மிதக்கும். பறிக்கும்போது விரல் நீளம் காம்பு விட்டு வெட்டி, பிறகு காம்பை ஒடித்துக் கவிழ்த்து வைத்துப் பாலை வடிய விடுங்கள். பால் தோலில் பட்டால் கருகல் விழும். வைக்கோல் மேல் ஒரே அடுக்காகப் பரப்பி வைத்தால் போதும். அறுவடைக்கு முந்தைய இரண்டு மூன்று வாரம் தண்ணீர் விடாதீர்கள். அதற்கே இனிப்பு ஏறும்.

யாழ்ப்பாணத்திலிருந்து: வணக்கம் அக்கா. எங்கட கறுத்தக் கொழும்பானை நீங்கள் சாப்பிட்டதுண்டோ? உங்கட ஊர் மாம்பழங்களோடு ஒப்பிட்டால் எங்கே வைப்பீர்கள்?

சாப்பிட்டிருக்கிறேன். முதல் வரிசையில் வைப்பேன், தயக்கமே இல்லை. கரும்பச்சைத் தோலைப் பார்த்து இன்னும் காய்தான் என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். உள்ளே நல்ல ஆரஞ்சு மஞ்சள் சதை, சாறு, தூக்கலான மணம். இமாம்பசந்தைப் போலவே அதையும் நிறத்தை வைத்து மதிப்பிட முடியாது. காம்புப் பக்கம் மூக்கை வைத்து முகர்ந்துதான் பார்க்க வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் மணத்தில் கறுத்தக் கொழும்பான் ஜெயிக்கும், சதையின் மென்மையில் இமாம்பசந்த். உங்கள் அம்பலவி மாம்பழத்துக்கும் நான் ரசிகை. இனிப்பை மட்டும் பார்த்தால் அதைக் கொழும்பானுக்கும் மேலே வைப்பவர்கள் உங்கள் பக்கமே உண்டே. வறண்ட வெயிலும் பூக்கும் நேரத்தில் மழையில்லாத வானமும் இந்த மரங்களுக்கு வேண்டும். கொழும்பில் நட்டு யாழ்ப்பாண ருசியை எதிர்பார்த்தால் கிடைப்பது கஷ்டம்.

தேனியிலிருந்து: நல்ல அல்போன்சா பழத்தின் கொட்டையைப் போட்டு முளைக்க வைத்தேன் அக்கா. எட்டு வருஷம் காத்திருந்து காய்த்தது. ஒரே புளிப்பு, நார். ஏன் இப்படி?

உங்கள் பராமரிப்பில் தப்பில்லை தம்பி. நம் ஊர் ஒட்டு ரகங்களில் பெரும்பாலானவற்றின் கொட்டைக்குள் ஒரே ஒரு கருதான் இருக்கும். அது தாய் மரமும் ஏதோ ஒரு தகப்பன் மரத்தின் மகரந்தமும் சேர்ந்து பிறந்த புதுப் பிள்ளை. தாயின் குணம் அப்படியே வராது. கேரளக் கரையோரத்து ஒளூர், சந்திரக்காரன் போன்ற சில ரகங்களில் ஒரே கொட்டைக்குள் பல கருக்கள் இருக்கும். அவற்றிலிருந்து முளைப்பவற்றில் பெரும்பாலானவை தாயைப் போலவே காய்க்கும். அல்போன்சா, மல்கோவா, இமாம்பசந்த் எல்லாவற்றுக்கும் ஒட்டுக்கன்றுதான் வழி.

ஆனால் கொட்டைக் கன்று எப்போதும் நஷ்டம் என்றும் நினைக்காதீர்கள். 1889-ல் இந்தியாவிலிருந்து அமெரிக்காவின் ப்ளோரிடாவுக்கு மல்கோபா என்ற பெயரில் ஒட்டுக்கன்றுகள் போயின. பிழைத்த மரத்தின் பழக்கொட்டைகளை ஹேடன் என்பவர் 1902-ல் நட்டார். அவற்றில் ஒன்று 1910-ல் சிவந்த கன்னத்தோடு காய்த்தது. அதுதான் ஹேடன் ரகம். இன்று உலகச் சந்தையில் விற்கும் சிவப்பு மாம்பழங்கள் பலவும் அதன் வாரிசுகள். இப்படி அமைவது ஆயிரத்தில் ஒன்று. அதற்காக ஒவ்வொருவரும் எட்டு வருஷம் காத்திருக்க முடியாது.

மரத்தை வெட்டிப் போடாதீர்கள். எட்டு வருஷ வேர் பெரிய சொத்து. கிளைகளைக் கழித்துவிட்டால் புதுக் குருத்துகள் வரும். அவற்றில் நல்ல ரகத்தின் குச்சியை மேல் ஒட்டுக் கட்டலாம். இரண்டு மூன்று வருஷத்தில் அதே மரத்தில் நீங்கள் விரும்பிய பழம்.

பெங்களூரிலிருந்து: எங்கள் அல்போன்சா வெளியே குறையே இல்லாமல் இருக்கிறது. அறுத்தால் கொட்டையைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு மாதிரி, புளிப்பாக இருக்கிறது. நோயா?

பூச்சியோ பூஞ்சணமோ இல்லை. அல்போன்சாவின் பிறவிக் குறை அது. அல்போன்சாவுக்குப் பேர்போன மகாராஷ்டிராவின் ரத்னகிரித் தோட்டங்களையும் விடாத தொல்லை. அந்த இடத்தில் மட்டும் மாவுச்சத்து சர்க்கரையாக மாறாமல் நின்றுவிடுகிறது. தரையிலிருந்து எழும் வெப்பத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. கொட்டை உள்ளேயே முளைக்கத் தயாராவதும் ஒரு காரணம் என்கிறார்கள். மரத்தடியில் காய்ந்த இலை, வைக்கோல் என்று நல்ல மூடாக்குப் போடுங்கள். பறித்த காயை வெயிலில் வைக்காதீர்கள். அல்போன்சாவை மட்டும் முழுதாக முற்றவிடாமல், கொஞ்சம் முன்னால் பறிப்பது நல்லது. பங்கனப்பள்ளிக்குச் சொன்னதற்கு இது நேர் எதிர் என்று தெரியும். ரகத்துக்கு ரகம் பறிக்கும் நாள் வேறு.

அல்போன்சா ருசியும் வேண்டும், பஞ்சும் வேண்டாம் என்றால் ரத்னா வைக்கலாம். அது நீலமும் அல்போன்சாவும் சேர்ந்த ரகம். உங்கள் ஊர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் அல்போன்சாவையும் பங்கனப்பள்ளியையும் சேர்த்து உருவாக்கிய அர்கா புனீத்தும் நல்ல தேர்வு.

திருச்சியிலிருந்து: மாடித் தோட்டத்துக்கு அம்ரபாலியா, மல்லிகாவா?

அம்ரபாலி. மரம் குட்டை, வருஷா வருஷம் காய்க்கும், பெரிய தொட்டிக்கு ஏற்றது. வேடிக்கை என்னவென்றால் இரண்டுக்கும் பெற்றோர் ஒன்றுதான்: நம் நீலம், வடக்கத்தி தசேரி. டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1970களில் வெளியிட்டது. நீலம் தாயானால் மல்லிகா, தசேரி தாயானால் அம்ரபாலி. அம்ரபாலி சின்னப் பழம், அடர் ஆரஞ்சு நிறம், திகட்டும் அளவுக்கு இனிப்பு. மல்லிகா பெரிய பழம், இனிப்போடு புளிப்பும் சரியாகக் கலந்திருக்கும். தரையில் இடம் இருந்தால் மல்லிகாவையே சொல்லியிருப்பேன். அதைப் பறித்த பிறகு அவசரப்படாமல் பழுக்க விட வேண்டும், தோல் லேசாகச் சுருங்கும்போதுதான் ருசி முழுதாக இருக்கும்.

கிருஷ்ணகிரியிலிருந்து: எங்கள் பக்கம் எல்லாம் கிளிமூக்குதான். பழமாகச் சாப்பிட மட்டம் என்று வெளியூர்க்காரர்கள் சொல்கிறார்கள். உண்மையா?

பழுத்த நிலையில் மல்கோவா பக்கத்தில் அது நிற்காது என்பது உண்மை. இனிப்பும் மணமும் குறைவு. ஆனால் கிளிமூக்கை அங்கே கொண்டுபோய் நிறுத்துவதே அநியாயம். செங்காயாக இருக்கும்போது கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தூவிச் சாப்பிட அதற்கு இணை எதுவும் இல்லை. புளிப்பு, இனிப்பு, நறுக்கென்ற கடி மூன்றும் ஒன்றாக வேறு எந்தக் காயில் வரும்? உங்கள் மாவட்டத்தின் மாங்கூழ் ஆலைகள் ஓடுவதும் அதை நம்பித்தானே. பச்சடிக்கும் கிளிமூக்குதான் எங்கள் வீட்டில்.

திண்டுக்கலிலிருந்து: எங்கள் நீலம் நல்ல ருசி. ஆனால் அறுத்தால் பாதிப் பழத்தில் புழு, சிலவற்றில் கொட்டைக்குள் வண்டு. என்ன செய்வது?

புழு பழ ஈயின் வேலை. நீலம் கடைசியில், மழை எட்டிப் பார்க்கும் ஜூன், ஜூலையில் வருவதால் ஈயின் பெருக்கத்தில் மாட்டிக்கொள்கிறது. காய் முற்றுவதற்கு முன்பே மீத்தைல் யூஜினால் வைத்த இனக்கவர்ச்சிப் பொறியை மரத்தில் தொங்கவிடுங்கள். ஆண் ஈக்கள் அதில் விழும். வண்டு வேறு கதை. அது பிஞ்சிலேயே முட்டையிட்டுவிடுகிறது, காய் பெரிதாகும்போது துளை மூடிவிடும். இரண்டுக்கும் பொதுவான மருந்து, விழுந்த பழத்தையும் கொட்டையையும் தினமும் பொறுக்கி அழிப்பது. அதைச் செய்யாமல் வேறு எதைச் செய்தும் பயன் இல்லை.

மதுரையிலிருந்து: உறவினர் வீடுகளிலிருந்து ஐந்தாறு ரகம் வந்து சேர்கிறது. குடும்பமாக உட்கார்ந்து எது சிறந்தது என்று ஒப்பிட ஆசை. எப்படிச் செய்வது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. எல்லாப் பழங்களையும் ஒரே நாளில் அறுக்க நினைத்தால் முடிவு தப்பாகத்தான் வரும். ஒன்று நேற்றே பழுத்திருக்கும், ஒன்று நாளை மறுநாள்தான் பழுக்கும். ஒவ்வொன்றையும் அதன் உச்சப் பக்குவத்தில் சாப்பிட்டுவிட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஒன்றாகப் பழுத்திருப்பவற்றை மட்டும் நேருக்கு நேர் வையுங்கள்.

பழம் பிரிட்ஜில் இருக்கக் கூடாது. குளிரில் மணம் அடங்கிவிடும், சாதாரண இனிப்புப் பழம்கூட நல்ல பழமாகத் தோன்றும். பழுக்காத காயைப் பிரிட்ஜில் வைத்தால் அது பிறகு ஒழுங்காகப் பழுக்கவே பழுக்காது. ஒவ்வொரு பழத்திலும் கதுப்பின் நடுப்பகுதியிலிருந்தே துண்டு எடுங்கள், ஏனென்றால் ஒரே பழத்திலும் இடத்துக்கு இடம் இனிப்பு மாறும். வெயில் பட்ட பக்கம், நிழல் பக்கம் இரண்டிலிருந்தும் எடுத்தால் இன்னும் நல்லது. புளிப்புள்ள ரகத்தில் ஆரம்பித்து இனிப்பு அதிகமானதில் முடியுங்கள். அம்ரபாலியை முதலில் சாப்பிட்டுவிட்டு நீலத்தை வாயில் வைத்தால் நீலம் பாவம். இடையில் வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு வாய்.

எழுதும்போது இனிப்பு, புளிப்பு, மணம், நார், விழுங்கிய பிறகு வாயில் நிற்கும் ருசி என்று தனித்தனியாக எழுதுங்கள். வீட்டில் குழந்தைகள் இனிப்புக்கும், பெரியவர்கள் மணத்துக்கும் ஓட்டுப் போடுவதைப் பார்ப்பீர்கள். முதல் இரண்டு மூன்று காய்ப்பில் இருக்கும் இளம் மரத்தின் பழத்தையும், பறிக்கும் வாரத்தில் மழை வாங்கிய பழத்தையும் வைத்து ரகத்துக்குத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். இன்னொரு வருஷம் கொடுங்கள்.

புதுக்கோட்டையிலிருந்து: தாத்தா காலத்து நாட்டு மரம் ஒன்று இருக்கிறது. பெயர் தெரியவில்லை. நாரும் சாறுமாக, புளிப்பும் இனிப்புமாக இருக்கும். வெட்டிவிட்டு இமாம்பசந்த் வைக்கலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

வெட்ட வேண்டாம். அந்த மரம் கொட்டைக் கன்றாக இருந்தால் உலகத்தில் அதே மரம் இன்னொன்று கிடையாது. நார்ப்பழம் அறுத்துச் சாப்பிட வந்ததில்லை. நன்றாகக் கசக்கி, நுனியைக் கடித்து உறிஞ்சிப் பாருங்கள். அல்லது தோலை உரித்து முழுதாக மோர்க்குழம்பில் போடுங்கள். இமாம்பசந்தைப் போட்டால் அந்தக் குழம்பு கரைந்து தித்தித்துவிடும். இதற்குப் புளிப்பும் நாரும்தான் வேண்டும்.

இமாம்பசந்தும் வேண்டுமென்றால், தேனித் தம்பிக்குச் சொன்ன மேல் ஒட்டை ஒரு பக்கக் கிளையில் மட்டும் கட்டுங்கள். கொளுத்தும் வெயிலில் வேண்டாம், மழை தொடங்கிக் காற்றில் ஈரம் வந்த பிறகு செய்தால் பிடிக்கும். அப்படியே தாத்தா மரத்திலிருந்தும் நாலு குச்சி எடுத்து நாட்டுக் கன்றுகளில் ஒட்டுக் கட்டி, உறவினர் தோட்டங்களில் நட்டு வையுங்கள்.