பெருக்கல் சரிதான், ஆனால் எதன் மேல்?

கல்லூரிக் கணக்குகள்: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகளை மொத்தமாகப் படித்தபோது ஒன்று பளிச்சென்று தெரிந்தது. வேதியியல், வணிகவியல், செவிலியர் படிப்பு, புள்ளியியல் என்று பாடம் வேறு வேறாக இருந்தாலும் யாருக்கும் பெருக்கல் வகுத்தலில் தப்பு வரவில்லை. எதை எதால் வகுக்கிறோம், இந்த எண் எதைப் பற்றியது என்ற இடத்தில்தான் பலரும் சறுக்கியிருக்கிறீர்கள். அதனால் விடையைவிட அந்த இடத்தைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

கேள்வி: 10⁻⁸ மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஎச் என்ன என்று கேட்டிருந்தார்கள். மைனஸ் லாக் போட்டேன், 8 வந்தது, எழுதினேன். மதிப்பெண் சுழி. சூத்திரம் சரிதானே? (வேதியியல், முதலாண்டு)

பதில்: சூத்திரம் (பிஎச் = ஹைட்ரஜன் அயனிச் செறிவின் மைனஸ் லாக்) சரி. ஆனால் எழுதியபின் அந்த 8-ஐ ஒரு நிமிடம் உற்றுப் பார்த்திருக்கலாம். 25 டிகிரி செல்சியஸில் பிஎச் 7-க்கு மேல் போனால் அது காரம். தண்ணீரில் அமிலத்தைக் கலந்தேன், அது காரமாகிவிட்டது என்றல்லவா உங்கள் விடை சொல்கிறது? அமிலத்தை எவ்வளவு நீர்க்க வைத்தாலும் பிஎச் 7-ஐ நெருங்கும், தாண்டாது.

நீங்கள் விட்டது தண்ணீரை. சுத்தமான நீரிலேயே 10⁻⁷ மோலார் ஹைட்ரஜன் அயனி இருக்கிறது. உங்கள் அமிலம் கொடுப்பது அதில் பத்தில் ஒரு பங்குதான். பாடப்புத்தகத்தில் வரும் 10⁻², 10⁻³ கணக்குகளில் தண்ணீரின் பங்கு ஒன்றுமே இல்லாததால் அதை விட்டுவிட்டே எல்லோருக்கும் பழகிவிடுகிறது, அந்தப் பழக்கம் இங்கே காலை வாரிவிட்டது. சரி, இரண்டையும் கூட்டினால்? 1.1 × 10⁻⁷, பிஎச் 6.96. கிட்டத்தட்ட வந்துவிட்டோம், ஆனாலும் முழுசாக இல்லை, ஏனென்றால் அமிலம் உள்ளே வந்ததும் தண்ணீர் தான் பிரிவதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும். அதையும் சேர்த்து இப்படி எழுதுங்கள்: மொத்த ஹைட்ரஜன் அயனி = 10⁻⁸ + (10⁻¹⁴ ÷ மொத்த ஹைட்ரஜன் அயனி). இது ஓர் இருபடிச் சமன்பாடு. தீர்த்தால் 1.05 × 10⁻⁷ வரும், பிஎச் 6.98. கேள்வி கேட்டவர் உங்களிடம் எதிர்பார்த்தது லாக் போடத் தெரியுமா என்பதை அல்ல, குடுவைக்குள் வேறு என்ன இருக்கிறது என்று நினைத்துப் பார்த்தீர்களா என்பதை. எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது.

கேள்வி: 1,00,000 கடன், ஆண்டுக்கு 12 சதவீதம், 12 மாதத் தவணை. ஒரு கணக்கில் ‘ஃபிளாட் ரேட்’, இன்னொன்றில் ‘குறையும் நிலுவை’. இரண்டும் 12 சதவீதம்தானே, ஏன் தவணை வேறு வேறாக வருகிறது? (வணிகவியல், இரண்டாமாண்டு)

பதில்: எதன் மேல் 12 சதவீதம்? அங்கேதான் எல்லாம் இருக்கிறது. ஃபிளாட் முறையில் முழு ஆண்டுக்கும் முழு 1,00,000 மேல் வட்டி போடுகிறார்கள், 12,000. மொத்தம் 1,12,000, அதைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 9,333.33. ஆனால் முதல் தவணை கட்டிய அன்றே உங்கள் கையில் இருக்கும் கடன் குறைய ஆரம்பித்துவிடுகிறது. ஆறேழு மாதத்தில் பாதிக்கு வந்துவிடும். திருப்பிக் கொடுத்துவிட்ட பணத்துக்கும் சேர்த்தே வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

குறையும் நிலுவையில், அந்தந்த மாதம் மிச்சமிருக்கும் கடன் மேல் மட்டும் மாதம் 1 சதவீதம். தவணை 8,884.88, மொத்த வட்டி சுமார் 6,619. அதாவது கிட்டத்தட்ட பாதி. இப்போது கேள்வியைத் திருப்பிப் போடுங்கள், மாதம் 9,333.33 கட்டுவது குறையும் நிலுவைக் கணக்கில் எத்தனை சதவீதத்துக்குச் சமம்? மாதம் சுமார் 1.79, ஆண்டுக்கு 21.5-ஐ ஒட்டி வருகிறது. 12 என்று பெயர் வைத்த கடன் உண்மையில் 21.5 சதவீதக் கடன். அசைன்மென்டில் கேட்காவிட்டாலும் இந்தக் கடைசி வரியை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள், நாளைக்கு நீங்களே கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது உதவும்.

கேள்வி: அதே கணக்கில் எனக்கு 8,692.31 வருகிறது. மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். (பெயர் வேண்டாம் என்றவர்)

பதில்: குறையும் நிலுவைத் தவணைக்கான சூத்திரம்: கடன் × 0.01 × 1.01¹² ÷ (1.01¹² − 1). இதில் 1.01-இன் 12-ஆம் அடுக்கை 1.13 என்று முழுமையாக்கியிருப்பீர்கள். அது உண்மையில் 1.126825. மேலே பார்த்தால் சின்ன வித்தியாசம், ஆனால் சூத்திரத்தின் கீழ்ப்பகுதியில் அதிலிருந்து 1-ஐக் கழிக்கிறோம், 0.1268 இருக்க வேண்டிய இடத்தில் 0.13 வந்து உட்கார்ந்துவிட்டது. மாதத்துக்கு 193 போல விலகிவிடும். கால்குலேட்டரில் எண்ணை அப்படியே வைத்திருந்து கடைசியில் மட்டும் முழுமையாக்குங்கள்.

கேள்வி: ஒரு நோய் 100 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. சோதனை, நோய் உள்ளவர்களில் 90 சதவீதம் பேரைக் கண்டுபிடிக்கும், நோய் இல்லாதவர்களில் 9 சதவீதம் பேருக்குத் தவறாக ‘பாசிட்டிவ்’ காட்டும். பாசிட்டிவ் வந்தவருக்கு நோய் இருக்க வாய்ப்பு 90 சதவீதம் என்று எழுதினேன். புத்தகத்தில் 9 சதவீதம் என்று போட்டிருக்கிறது. அச்சுப்பிழையா? (பொதுச் சுகாதாரம், முதுகலை)

பதில்: அச்சுப்பிழை இல்லை. சூத்திரத்தை மூடி வைத்துவிட்டு 1,000 பேரை மைதானத்தில் நிறுத்துங்கள். நோய் உள்ளவர்கள் 10 பேர், அவர்களில் 9 பேருக்குப் பாசிட்டிவ் வரும். மீதி 990 பேர் நலமாக இருப்பவர்கள், அவர்களில் 9 சதவீதம் என்றால் 89 பேருக்கும் பாசிட்டிவ். கையில் பாசிட்டிவ் சீட்டோடு நிற்பவர்கள் மொத்தம் 98 பேர். அதில் நோயாளிகள் 9 பேர். 9 ÷ 98, சுமார் 9.2 சதவீதம்.

நீங்கள் எழுதிய 90, நோயாளிகளில் எத்தனை பேருக்குப் பாசிட்டிவ் என்பது. கேட்டது, பாசிட்டிவ் வந்தவர்களில் எத்தனை பேர் நோயாளிகள் என்பது. ‘யாரில் எத்தனை பேர்’ என்பதில் அந்த ‘யாரில்’ மாறிப்போய்விட்டது. இதே சோதனையை, பாதிப் பேருக்கு நோய் இருக்கும் ஒரு வார்டில் செய்தால் 450 ÷ 495, அதாவது 91 சதவீதம் வரும். சோதனை அதேதான், ஆட்கள் வேறு. பாசிட்டிவ் சீட்டை வைத்துக்கொண்டு ராத்திரி தூங்காமல் கிடக்கும் ஒருவருக்கு இதை நிதானமாக விளக்கிச் சொல்ல நீங்கள் ஒருநாள் போகப்போகிறீர்கள், அதனால்தான் இவ்வளவு நீட்டுகிறேன்.

கேள்வி: பி-மதிப்பு 0.03 வந்தது. ‘இன்மைக் கருதுகோள் உண்மையாக இருக்க 3 சதவீதம்தான் வாய்ப்பு’ என்று எழுதினேன், ஆசிரியர் அடித்துவிட்டார். (உளவியல், மூன்றாமாண்டு)

பதில்: மேலே உள்ள கேள்வியேதான், வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. பி-மதிப்பு சொல்வது இவ்வளவுதான்: இன்மைக் கருதுகோள் (வித்தியாசமோ விளைவோ எதுவும் இல்லை என்ற அனுமானம்) உண்மை என்று வைத்துக்கொண்டால், நமக்குக் கிடைத்த அளவுக்கோ அதைவிட அதிகமாகவோ விலகிய தரவு வர வாய்ப்பு 3 சதவீதம். கருதுகோளை உண்மை என்று வைத்துக்கொண்டு தொடங்கிய கணக்கு, அது உண்மையா என்பதற்கு எப்படி வாய்ப்பு சொல்லும்? இந்தத் தப்பு மாணவர்களோடு நிற்கவில்லை, ஆய்வுக் கட்டுரைகளிலும் வந்துகொண்டே இருந்ததால் 2016-ல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் இதற்கென்றே ஓர் அறிக்கை வெளியிட்டது. 0.05 என்ற எல்லைக்கோடும் இயற்கை விதித்தது இல்லை. புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1925-ல், இருபதில் ஒன்று என்பது வசதியான எல்லை என்று எழுதினார், அது அப்படியே நிலைத்துவிட்டது.

கேள்வி: மாதிரியின் விலக்க வர்க்கச் சராசரிக்கு ஏன் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து வகுக்க வேண்டும்? ‘கட்டின்மைப் படிகள்’ என்று மனப்பாடம் செய்திருக்கிறேன், புரியவில்லை. (புள்ளியியல், முதலாண்டு)

பதில்: புரியவில்லை என்று எழுதியதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். ஒரு நாணயம் எடுத்துக்கொள்வோம், ஒரு பக்கம் 0, மறுபக்கம் 2. உண்மையான சராசரி 1, எந்தப் பக்கம் விழுந்தாலும் விலகல் 1, ஆக உண்மையான விலக்க வர்க்கச் சராசரி 1. இப்போது இரண்டு முறை சுண்டுங்கள். சம வாய்ப்போடு நான்கு விதமாக விழலாம்: (0,0), (0,2), (2,0), (2,2). ஒவ்வொன்றிலும் அதன் சொந்தச் சராசரியிலிருந்து விலகலை எடுத்து, வர்க்கமாக்கிக் கூட்டி, இரண்டால் வகுத்தால் 0, 1, 1, 0. இவற்றின் சராசரி 0.5. உண்மையில் பாதிதான்! அதையே ஒன்றால் வகுத்தால் 0, 2, 2, 0. சராசரி 1. சரியாக வந்துவிட்டது.

காரணம் என்ன என்றால், மாதிரியின் சராசரி அந்த மாதிரிக்குள்ளேயே பிறந்தது, எப்போதும் தன் எண்களுக்கு நடுவில் போய் நிற்கும். 0,0 விழுந்தால் சராசரியும் 0 ஆகிவிடுகிறது, விலகலே இல்லை என்று காட்டுகிறது, உண்மையான சராசரி ஒரு படி தள்ளி நிற்பது அதற்குத் தெரியாது. இப்படிக் குறைத்துக் காட்டுவதை ஈடுகட்டத்தான் ஒன்றைக் குறைக்கிறோம். கட்டின்மைப் படி என்பதும் இதுதான், விலகல்களைக் கூட்டினால் எப்போதும் 0 என்பதால் கடைசி விலகலுக்குச் சுதந்திரம் இல்லை.

கேள்வி: செயலியில் கேள்வியைப் போட்டால் படிப்படியாக விடை வந்துவிடுகிறது. நான் ஏன் கையால் போட வேண்டும்? (பலர்)

பதில்: கேளுங்கள், தப்பில்லை. ஆனால் கேட்பதற்கு முன் விடை எவ்வளவு வரும் என்று ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள், 7-க்குக் கீழே, 9,000-க்குப் பக்கத்தில் என்று தோராயமாக இருந்தால் போதும். வந்த விடை அதோடு ஒத்துப்போகவில்லை என்றால் அங்கேதான் உங்கள் படிப்பு இருக்கிறது.

கேள்வி: விடை எண் சரியாக இருந்தும் அலகு எழுதவில்லை என்று மதிப்பெண் குறைக்கிறார்கள். இது நியாயமா? (இயற்பியல், முதலாண்டு)

பதில்: நியாயம்தான். 1983 ஜூலை 23 அன்று கனடாவில் ஒரு போயிங் 767 விமானத்துக்கு 22,300 கிலோ எரிபொருள் வேண்டியிருந்தது. லிட்டரைக் கிலோவாக மாற்ற 0.8 போல ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். அவர்கள் பயன்படுத்திய எண் 1.77, அது லிட்டரைப் பவுண்டாக மாற்றுவது. பெருக்கலில் பிழை இல்லை, 22,300 என்றே வந்தது, ஆனால் பவுண்டு. தேவையில் பாதிக்கும் குறைவான எரிபொருளோடு கிளம்பிய விமானம் 41,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது எரிபொருள் தீர ஆரம்பித்து, இரண்டு என்ஜினும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோய், மிதந்தபடியே வந்து கிம்லி என்ற பழைய விமானப்படைத் தளத்தில் இறங்கியது. 69 பேரும் பிழைத்தார்கள், அது விமானிகளின் திறமை.

கேள்வி: ஒரு மருந்து ‘ஆபத்தை இரட்டிப்பாக்குகிறது’ என்றால் அதைத் தடைசெய்யப் பரிந்துரைக்கலாமா? (மருந்தியல்)

பதில்: எத்தனையின் இரட்டிப்பு என்று கேட்காமல் பரிந்துரைக்காதீர்கள். 1995-ல் பிரிட்டனில் சில கருத்தடை மாத்திரைகள் ரத்தக்கட்டு ஆபத்தை இரட்டிப்பாக்கும் என்ற எச்சரிக்கை வந்தது. 7,000 பெண்களில் ஒருவர் என்பது இருவர் ஆகியிருந்தது, அவ்வளவே. பயந்துபோய்ப் பலர் மாத்திரையை நிறுத்தினார்கள், அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்ததாகக் கணக்கிட்டார்கள். கர்ப்ப காலத்தில் ரத்தக்கட்டு ஆபத்து அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள், மனசு கனத்துப்போகும்.

கேள்வி: 1,000 மில்லி திரவம் 8 மணி நேரத்தில் ஏற வேண்டும். டிரிப் செட்டில் ஒரு மில்லிக்கு 20 துளி. நிமிடத்துக்கு எத்தனை துளி? எனக்கு 2,500 வருகிறது. (செவிலியர் படிப்பு)

பதில்: மொத்தம் 20,000 துளி, அதுவரை சரி. 8-ஆல் வகுத்ததால் வந்த 2,500 ஒரு மணி நேரத்துக்கு. 480 நிமிடத்தால் வகுத்தால் 41.67, அதாவது 42. நிமிடத்துக்கு 2,500 என்றால் நொடிக்கு 41 துளிக்கும் மேல், அது துளியாக விழாது, தாரையாகக் கொட்டும். 42 என்றால் பத்து நொடிக்கு 7 துளி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணிவிடலாம். அப்புறம், செட்டின் உறையில் ஒரு மில்லிக்கு எத்தனை துளி என்று அச்சிட்டிருப்பதை ஒவ்வொரு முறையும் படியுங்கள். 60 துளி செட் என்றால் இதே திரவத்துக்கு நிமிடத்துக்கு 125 துளி, மணிக்கு ஏறும் 125 மில்லியும் அதே எண்தான்.