ஒரே எழுத்து, இரண்டு ஒலி

கேள்வி: மெக்சிகோவின் நாவாட்டல் மொழியில் ஒரே சொல்லை ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்களாமே, ஏன்?
– வாசகி ஒருவர்

பதில்: ஆமாம் அம்மா. இடால்கோ, வெராக்ரூஸ், சான் லூயிஸ் பொடோசி மாநிலங்களில் பேசப்படும் வாஸ்தேக்கா நாவாட்டலையே பாருங்கள். மக்காச்சோளம் 'சின்ட்லி', வீடு 'காலி'. 16ஆம் நூற்றாண்டில் பாதிரிமார்கள் ஸ்பானிய வழக்கப்படி எழுதியதால் இரண்டுமே 'சி' (c) என்ற ரோமன் எழுத்தில் தொடங்கின. ஒரே எழுத்து, இங்கே ச, அங்கே க! இப்போது பலர் முதல் சொல்லை 'எஸ்' போட்டும், அடுத்ததை 'கே' போட்டும் எழுதுகிறார்கள். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. காதில் விழுந்ததைக் குழந்தை அப்படியே எழுதிவிடும். சரி, பழையதை விட்டுவிடலாமா? கூடாது. முன்னோர் எழுதிய உயில்களும் நிலப் பத்திரங்களும் அந்த எழுத்தில்தானே இருக்கின்றன!