பஸ் ஏறியதும் ஞாபகம் வருகிறது

கேள்வி: நாங்கள் கைத்தறியில் லுங்கி நெய்கிற குடும்பம். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். இரவு ஒரு மணி, இரண்டு மணி வரை புத்தகமும் கையுமாக இருக்கிறாள். காலாண்டு வரலாற்றுத் தேர்வில் மணி அடித்துக் கேள்வித்தாளைப் பார்த்ததும் கை நடுங்கி, வியர்த்து, எல்லாம் மறந்துவிட்டதாம். வெளியே வந்து பஸ் ஏறியதும் பதில் முழுவதும் ஞாபகம் வந்தது என்று அழுகிறாள். உறவினர்கள் மந்தம் என்கிறார்கள். ஞாபக சக்தி மாத்திரை கொடுக்கலாமா? வல்லாரை உதவுமா?
– ஒரு தாய், குடியாத்தம்

பதில்: அம்மா, பஸ் ஏறியதும் ஞாபகம் வந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை இரண்டு முறை படித்தேன். மனதில் பதியாதது பஸ்ஸில் எப்படி வரும்? படித்தது உள்ளேதான் இருக்கிறது, வேண்டிய நேரத்தில் எடுக்க முடியவில்லை. உங்கள் மகள் மந்தம் இல்லை. அந்தச் சொல் இனி அவள் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பயம் வந்ததும், சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி முதலில் அட்ரினலினையும் சில நிமிடங்களில் கார்ட்டிசாலையும் ரத்தத்தில் கலக்கிறது. நெஞ்சு படபடப்பதும் உள்ளங்கை வியர்ப்பதும் இதனால்தான். நினைவைப் பதியவும் மீட்கவும் உதவும் மூளைப் பகுதிக்கு ஹிப்போகாம்பஸ் என்று பெயர். கார்ட்டிசால் மிகும்போது அங்கே மீட்கும் வேலை தடைபடுகிறது. கொஞ்சம் பதற்றம் இருப்பது நல்லதுதான், அதுதான் நம்மைப் படிக்க உட்கார வைக்கிறது. அளவு மீறினால்தான் தொல்லை.

ஒருமுறை பயந்த இடம் மறுமுறை தானே பயத்தைக் கிளப்பும். ரஷ்ய அறிஞர் பாவ்லவின் நாய்கள், உணவுக்கு முன் ஓர் ஒலியைக் கேட்டுப் பழகியபின், அந்த ஒலிக்கே எச்சில் ஊறின. உங்கள் மகளுக்குத் தேர்வு மணி அப்படி ஆகியிருக்கலாம். பழக்கத்தால் வந்ததைப் பழக்கத்தாலேயே மாற்றலாம். ஞாயிறு காலை 10 மணிக்குப் பழைய கேள்வித்தாள் ஒன்றைக் கொடுத்து, கடிகாரம் வைத்து எழுதச் சொல்லுங்கள். பக்கத்தில் தறி ஓடினாலும் பரவாயில்லை. மதிப்பெண் மட்டும் போடாதீர்கள். கை நடுங்கினால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மூச்சை மெல்ல இழுத்து, அதைவிட மெதுவாக விடட்டும். ஐந்தாறு முறை போதும்.

படிக்கும் முறையையும் மாற்ற வேண்டும். திரும்பத் திரும்ப வாசித்தால் பக்கம் கண்ணுக்குப் பழகிவிடும், தெரிந்துவிட்டது என்று தோன்றும். லாங் பஜாரில் எதிரே வருகிறவரின் முகம் தெரிகிறது, பெயர் வாயில் வருவதில்லையே, அதே கதைதான். வேலூர்ப் புரட்சியை ஒருமுறை படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத் தாளில் எழுதட்டும்: 1806 ஜூலை 10, புதிய தலைப்பாகை, நெற்றிக்குறிக்கும் தாடிக்கும் வந்த தடை, கோட்டைக்குள் இருந்த திப்புவின் பிள்ளைகள். எது வரவில்லையோ அதை மட்டும் திறந்து பார்க்கட்டும். முக்கி முனகி எடுக்கும் அந்தச் சிரமம்தான் நினைவை உறுதியாக்குகிறது.

ஜெர்மன் அறிஞர் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து தன்னையே சோதித்து, 1885இல் முடிவுகளை வெளியிட்டார். ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது, ஒரு நாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு! மறதி எல்லோருக்கும் முதல் நாளிலேயே முந்திக்கொண்டு வருகிறது. அதனால் இன்று படித்ததை நாளை ஒருமுறை, மூன்றாம் நாள் ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை எழுதிப் பார்க்கட்டும். ஒரே இரவில் ஐந்து மணி நேரம் உட்காருவதைவிட இது பலன் தரும்.

இரவு இரண்டு மணிவரை விழிப்பதை இன்றே நிறுத்துங்கள். இதில் நான் கண்டிப்பாகச் சொல்கிறேன். பகலில் படித்ததை மூளை உறுதிப்படுத்துவது தூக்கத்தில்தான். இந்த வயதுக்கு எட்டு மணி நேரமாவது தூக்கம் வேண்டும்.

மாத்திரை வேண்டாம். வல்லாரையைத் துவையலாக அரைத்துச் சாப்பிடலாம், நல்ல கீரை. ஆனால் தேர்வு பயத்தை அது தீர்க்காது. ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடுங்கள். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. சோர்வும் கவனக்குறைவும் அதனாலும் வரும், அதற்கு மருந்து உண்டு.

இரண்டு வாரத்துக்கு மேல் சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் இருந்தால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். வாழப் பிடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னாலும் அன்றே போங்கள், தனியாக விடாதீர்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். அந்த எண்ணை மகளிடமும் கொடுத்து வையுங்கள்.