அண்ணனின் தவணைக்காக இன்னும் இரண்டு சீசனா?

கேள்வி: தொழில்முறைக் கால்பந்தில் டிஃபெண்டராக இருக்கிறேன். வயது 28. வலது முழங்காலில் இரண்டு அறுவை சிகிச்சை ஆகிவிட்டது. குருத்தெலும்பு தேய்ந்துவிட்டது, இப்படியே ஆடினால் நாற்பதுகளிலேயே மூட்டு மாற்ற வேண்டி வரலாம் என்கிறார் டாக்டர். கிளப் இரண்டு வருட ஒப்பந்தமும் கையெழுத்து போனஸும் தருவதாகச் சொல்கிறது. அண்ணனின் தொழில் கடனுக்கு நான்தான் தவணை கட்டுகிறேன். இப்போது இன்னொரு கடனுக்கு ஜாமீன் கேட்கிறார். இப்போதே ஓய்வு பெற்றால் கட்டுப்படியாகுமா? (கடிதம் சுருக்கப்பட்டது)

பதில்: ஆட்டக்காரரின் சம்பாத்தியம் சில வருடம்தான், சேர்த்து வையுங்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சேர்த்திருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் முழங்காலுக்கு ஒரு பக்கம், அண்ணன் கடனுக்கு இரண்டே வரி. என் கண் அந்த இரண்டு வரியில்தான் நின்றது.

தொகைகளை வெளியிட வேண்டாம் என்றிருக்கிறீர்கள். வரி போக வருடச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்கிறேன். வீட்டுச் செலவு 30, ஏஜென்ட் கமிஷன், தனி பிசியோ எல்லாம் சேர்த்து 15, அண்ணனின் தவணை 28. மிச்சம் 27. ஆக, இரண்டு சீசன் ஆடினால் கையில் நிற்பது 54. இரண்டு வருட வீட்டுச் செலவுக்கே அது காணாது! இதற்காகவா ஆட்டத்துக்கு முன் முழங்காலில் ஊசி போட்டுக்கொள்கிறீர்கள்? வலி மரத்துப்போனாலும் மூட்டு தேய்ந்துகொண்டுதான் இருக்கும். இரண்டு சீசனும் ஆடி முடிப்பீர்கள் என்பதும் நிச்சயமில்லை. நெதர்லாந்துக் கால்பந்து நட்சத்திரம் மார்கோ வான் பாஸ்டன் கடைசிப் போட்டியை ஆடியது 28 வயதில். கணுக்கால் சரியாகும் என்று காத்திருந்து, 1995-ல் ஓய்வை அறிவித்தார்.

போனஸை வேண்டுமென்றேதான் கணக்கில் சேர்க்கவில்லை. பாதியில் விலகினால் திருப்பித் தர வேண்டுமா என்று முதலில் ஒப்பந்தத்தில் பாருங்கள். உங்கள் ஆட்டம் அல்ல, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கன் ஃபுட்பாலில் 2015-ல் ஒரே சீசனோடு, 24 வயதில் விலகிய கிறிஸ் போர்லண்ட், போனஸில் சுமார் முக்கால் பங்கைத் திருப்பித் தர வேண்டியிருந்தது.

இப்போதே நிறுத்தினால்? சேமிப்பு 350. அண்ணனின் பழைய கடனில் பாக்கி 75; அதை ஒரேயடியாக அடைத்துவிடுங்கள். மீதி 275. வட்டி விலைவாசிக்குச் சரியாகப் போகும் என்று வைத்தால், வருடம் 30 வீதம் ஒன்பது வருடம் ஓடும். 37 வயதில் கை காலி. அதனால் உட்கார்ந்து சாப்பிடும் ஓய்வு உங்களுக்குக் கிடையாது, வேறு வேலைக்குப் போக வேண்டும். கோச்சிங்கிலோ வேறெதிலோ வருடம் 15 வந்தால் அதே பணம் 18 வருடம் தாங்கும். 20 வந்தால் 27 வருடம். அந்த 54-ஐவிட இது எவ்வளவோ மேல்.

இதெல்லாம் இரண்டாவது ஜாமீனில் கையெழுத்துப் போடாமல் இருந்தால்தான். அந்தக் கடன் 160. அண்ணன் முதல் கடனையே கட்டவில்லை, இதை மட்டும் கட்டிவிடுவாரா? அவர் கைவிரித்தால் உங்களிடம் மிஞ்சுவது 115, நாலு வருடம்கூட வராது. கூடப் பிறந்தவரிடம் முடியாது என்று சொல்ல நா எழாதுதான். "ஓய்வு பெறப் போகிறேன், இனி சம்பளம் இல்லை" என்று சொல்லுங்கள். சம்பளமில்லாத ஜாமீன்தாரரை வங்கியே யோசித்துத்தான் ஏற்கும்.

ஓய்வை இன்ஸ்டாகிராமில் போட அவசரப்படாதீர்கள். காயத்தால் ஆட்டம் முடிந்தால் பணம் தரும் காப்பீடு வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இனி ஆட முடியாது என்ற மருத்துவச் சான்று இல்லாமல் இத்தகைய பாலிசிகளில் பொதுவாகப் பணம் வராது. தானாக விலகியவர் என்று தட்டிக்கழித்துவிடுவார்கள். முதலில் சான்று, அடுத்து காப்பீட்டுக் கோரிக்கை, பிறகு கிளப்போடு பேசி எழுத்தில் ஒப்பந்த முடிவு, அறிவிப்பு எல்லாவற்றுக்கும் கடைசியில்.

கடைசியாக, உங்கள் ஏஜென்ட் சிபாரிசு செய்யும் ஃபேன் டோக்கனா, அதாவது கிளப் பெயரில் ரசிகர்களுக்கு விற்கும் கிரிப்டோ டோக்கனா? அவருக்கு அதில் என்ன கமிஷன் என்று கேளுங்கள். பதில் எதுவானாலும் வாங்காதீர்கள்.