பைபிள் கிரேக்கம் படிக்க ஆசைப்படும் மகள்: சேர்ப்பதற்கு முன் பெற்றோர் பார்க்க வேண்டியவை

கேள்வி: மகள் பி.ஏ. ஆங்கிலம் மூன்றாம் ஆண்டு. பி.எட். போகச் சொன்னால், இறையியல் கல்லூரியில் சேர்ந்து புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் படிக்க வேண்டும் என்கிறாள். செத்த பாஷையைப் படித்து என்ன செய்வாள்? தடுப்பதா, விடுவதா?

பதில்: தடுக்க வேண்டாம். ஆனால் உடனே விண்ணப்பமும் வாங்க வேண்டாம். முதலில் பட்டத்தை முடிக்கட்டும். அதோடு ஆறு மாதம், தினம் முக்கால் மணி நேரம், வீட்டிலேயே படித்துப் பார்க்கட்டும். இந்தப் படிப்பு எப்படிப்பட்டது என்று தெரியாமல் 'மூல பாஷை' என்ற கவர்ச்சியில் சேர்ந்து, இரண்டாவது பருவத்தில் வினை வாய்பாடுகளைப் பார்த்து மிரளும் பிள்ளைகள் உண்டு.

கிரேக்க எழுத்துகள் 24. ஒரு வாரம் போதும். அடுத்து சுட்டிடைச்சொல்லின் (ஆங்கில 'the' போன்றது) 24 வடிவங்கள், பெயர்ச்சொல்லின் மூன்று வகைகள், பிறகு வினை. பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணத்தை ரசித்துப் படித்த பிள்ளைக்கு இது பிடிக்கும். 'எலூசமென்' என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கள். 'எ' இறந்தகாலம் காட்டும் முன்னொட்டு, 'லூ' பகுதி, 'ச' அயோரிஸ்ட் என்ற கிரேக்க வினைவடிவத்தின் அடையாளம், 'மென்' தன்மைப் பன்மை விகுதி. பொருள், 'அவிழ்த்தோம்'. புதிய ஏற்பாட்டில் ஏறத்தாழ 1,38,000 சொற்கள் இருக்கின்றன. ஆனால் 50 முறைக்கு மேல் வரும் சொற்கள் முந்நூற்றுச் சொச்சம்தான். அவற்றை மனப்பாடம் செய்தால் பக்கத்தில் ஐந்தில் நான்கு பங்கு கண்ணுக்குப் பழகிவிடும். வாசிக்க ஆரம்பிக்க யோவானின் முதல் நிருபம் நல்லது. எபிரெயர் நிருபத்தைத் தொடவே வேண்டாம், அதன் வாக்கியங்கள் கடினம். கிரேக்க வரிக்குக் கீழே ஆங்கிலம் அச்சிட்ட பதிப்பை முதல் ஆண்டு ஒளித்து வையுங்கள். கண் தானாகக் கீழ்வரிக்குத்தான் போகும்.

இதெல்லாம் அடித்தளம். வேலைக்கு உதவும் திறமை அதற்கு மேல்தான் தொடங்குகிறது: இலக்கணம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று பிரித்துப் பார்ப்பது.

மத்தேயு 28:19-ஐப் பாருங்கள். தமிழில் 'புறப்பட்டுப்போய்... சீஷராக்கி... ஞானஸ்நானங்கொடுத்து' என்று வினையெச்சங்களாக ஓடி, அடுத்த வசனத்தில் 'உபதேசம்பண்ணுங்கள்' என்று முடிகிறது. தமிழ் வாசகருக்கு ஏவலின் அழுத்தம் உபதேசத்தில் விழுகிறது. கிரேக்கத்திலோ ஏவல் வினை ஒன்றே ஒன்று: 'சீஷராக்குங்கள்'. போவது, ஞானஸ்நானம், உபதேசம் மூன்றும் எச்ச வடிவில் அதைச் சார்ந்து நிற்கின்றன. மொழிபெயர்த்தவர்கள் மேல் தப்பில்லை. தமிழில் முற்றுவினை கடைசியில்தான் வரும்.

இதைக் கண்டுபிடித்த மாணவர் உடனே அடுத்த குழியில் விழுவார். 'போய் என்பது எச்சம்தானே, அப்படியானால் அது கட்டளை இல்லை, போகிற போக்கில் செய்யுங்கள் என்றுதான் அர்த்தம்' என்பார். பிரசங்கங்களிலும் இதைக் கேட்கலாம். மத்தேயு 2:13-இல் தூதன் யோசேப்பிடம் 'எழுந்து, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு' போகச் சொல்லும் இடத்திலும் அதே அமைப்புதான்: முன்னால் அயோரிஸ்ட் எச்சம், பின்னால் அயோரிஸ்ட் ஏவல். 'எப்போதாவது எழுந்தால் கூட்டிப்போ' என்று அங்கே யாரும் பொருள் சொல்வதில்லை. எச்சமும் ஏவலின் வேகத்தை வாங்கிக்கொள்கிறது. ஒரு விதியைக் கேட்டதும், அதே அமைப்பு அதே ஆசிரியரிடம் வேறெங்கே வருகிறது என்று தேடும் குணம் உங்கள் மகளுக்கு இருக்கிறதா? ஆறு மாதத்தில் நீங்கள் கவனிக்க வேண்டியது அதைத்தான், மதிப்பெண்ணை அல்ல.

அயோரிஸ்ட் பற்றியும் ஒரு கட்டுக்கதை உலவுகிறது: 'ஒரே தடவை, ஒரே கணத்தில் நடந்து முடிந்த செயல்' என்று. யோவான் 2:20-இல் ஆலயத்தைக் கட்ட நாற்பத்தாறு வருஷம் ஆனது என்று யூதர்கள் சொல்கிறார்கள். அந்தக் 'கட்டப்பட்டது' அயோரிஸ்ட்தான். செயலை முழுதாக ஒரு பொட்டலமாகப் பார்க்கும் வடிவம் அது. எத்தனை நேரம் எடுத்தது என்பதைச் சூழல்தான் சொல்லும்.

சொல்லின் பொருளிலும் இதே கவனம் வேண்டும். 'அகாப்பே' என்றால் தெய்வீக அன்பு என்று சொல்லிக்கொடுப்பார்கள். பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தாவில், 2 சாமுவேல் 13:15-இல், தாமாரைக் கெடுத்த அம்னோனின் விருப்பத்துக்கும் அதே சொல்தான். தேமா 'இப்பிரபஞ்சத்தின்மேல் ஆசைவைத்து'ப் பவுலை விட்டுப் போனதற்கும் அதன் வினைவடிவம்தான். முறை இது: அதே நூலில் அந்தச் சொல் வரும் இடங்கள், பிறகு புதிய ஏற்பாடு முழுவதும், பிறகு செப்துவஜிந்தா, கடைசியில் அகராதி. அகராதியில் ஐந்து பொருள் இருந்தால் ஐந்தையும் ஒரே வசனத்தில் ஏற்றக் கூடாது. வேதாகமத்தின் ஒவ்வொரு மூலச் சொல்லுக்கும் கொடுக்கப்பட்ட ஸ்ட்ராங் எண்கள் சொல்லைத் தேட உதவும், பொருளைத் தீர்மானிக்கப் போதாது.

வேலைக்கு வருவோம். திருச்சபைப் பணி, இறையியல் கல்லூரி ஆசிரியப் பணி, வேதாகம மொழிபெயர்ப்பு ஆகிய மூன்றும்தான் முக்கிய வழிகள். முதலாவதற்குத் திருமண்டலத்தின் பரிந்துரை வேண்டும். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) பெண்களையும் ஆயர்களாக்குகிறது, எல்லாத் திருச்சபைகளும் அப்படி இல்லை. ஆசிரியப் பணிக்கு, இறையியல் பட்டங்கள் வழங்கும் செராம்பூர் செனட்டின் பி.டி. (இறையியல் இளநிலைப் பட்டம்) முடித்து, புதிய ஏற்பாட்டில் எம்.டி.எச். (இறையியல் முதுநிலைப் பட்டம்) போக வேண்டும். இடங்கள் குறைவு, காத்திருக்க வேண்டி வரும்.

உங்கள் மகள் ஆங்கிலம் படித்தவள் என்பதால் மூன்றாவது வழியை நன்றாக யோசிக்கலாம். மாற்கு 4:38-இல் புயலில் சீஷர்கள் 'மடிந்துபோகிறோம்' என்கிறார்கள். இயேசுவையும் சேர்த்தா, தங்களை மட்டுமா? கிரேக்க விகுதி சொல்லாது. தமிழ் வேதாகமம் 'நாங்கள்' என்று முடிவெடுத்திருக்கிறது. தமிழில் அந்தச் சொல்லை விட்டுவிட்டு 'மடிந்துபோகிறோமே' என்று நழுவலாம். சந்தாலி போன்ற மொழிகளில் வினையோடு ஒட்டும் உறுப்பே அந்த வேறுபாட்டைக் காட்டுவதால் நழுவ வழியில்லை. இப்படிப்பட்ட முடிவுகளில் மொழிபெயர்ப்புக் குழுவுக்குத் துணை நிற்பவர்தான் ஆலோசகர். அதற்குக் கிரேக்கத்தோடு மொழியியல் முதுகலையும் இருந்தால் பலம். பணம் பற்றிக் கூச்சப்படாமல் கேளுங்கள். சில அமைப்புகளில் ஊழியரே தம் ஆதரவாளர்களைத் திரட்ட வேண்டும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். கிரேக்கம் எத்தனை பருவம் கற்பிக்கிறார்கள், இலக்கணம் முடிந்தபின் ஒரு முழு நூலையாவது கிரேக்கத்தில் வாசிக்கிறார்களா, பாடம் தமிழிலா ஆங்கிலத்திலா, பட்டம் யாருடையது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒரே பருவத்தோடு கிரேக்கத்தை முடித்துக்கொள்ளும் இடமாக இருந்தால், உங்கள் மகள் கேட்கும் படிப்பு அங்கே இல்லை.